வானத்து மொய்க் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன மாதம் செயலாளர் அண்ணன் போன் பண்ணினார். "நீ சாட்டிலைட் வேலையிலதானே இருக்கே? அதைப் பத்தியே ஒரு அரை மணி நேரம் பேசிடு. ஆனா ஈக்குவேஷன் எதுவும் வேண்டாம், குடும்பத்தோட வர்றாங்க" என்றார். அண்ணன் பயப்பட வேண்டாம். இன்றைக்கு ஒரு ஈக்குவேஷன்கூட கிடையாது. நான் பேசப் போவது கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பற்றி!

அதற்கு முன்னால் ஒரு சொந்தக் கதை.

படிப்பை முடித்து இரண்டு வருஷம் இருக்கும். வி-சாட் அமைக்கும் கம்பெனி ஒன்றில் களப்பொறியாளர் வேலை. வி-சாட் என்றால் பாங்க் கிளைகளின் மாடியில் ஒரு மீட்டர் சொச்சம் அகலத்தில் வெள்ளையாக ஒரு டிஷ் இருக்குமே, அதுதான். அந்த வருஷம் நாங்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த வெளிநாட்டுச் செயற்கைக்கோளின் வாடகை ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்க அனுமதி வரவில்லை. இந்தியச் செயற்கைக்கோளில் இடம் ஒதுக்கினார்கள். காகிதத்தில் இது ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரிக்காக எங்கள் வலைப்பின்னலில் இருந்த அத்தனை டிஷ்ஷையும் ஒவ்வொன்றாகப் போய்த் திருப்பி வைக்க வேண்டும். டிஷ்ஷுக்கு வாய் வார்த்தை புரியாது பாருங்கள், ஸ்பேனர்தான் புரியும்.

எனக்கு மலைப்பகுதி விழுந்தது. ஒரு கிளையில் மூன்று நாள் மழையும் மூடுபனியும். மாடியில் நின்று போல்ட்டைத் தளர்த்துவதும், அரை டிகிரி திருப்புவதும், ஹப்புக்குப் போன் போட்டு "சார், கிராஸ்-போல் எவ்வளவு வருது?" என்று கேட்பதும், "இன்னும் பத்தலை" என்ற பதிலைக் கேட்டுக்கொள்வதுமாக நேரம் போனது. கீழே முதியோர் பென்ஷன் வாங்க வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் மேலே ஏறி வந்தார். "ஏன் தம்பி, நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு? எதுக்கு மாத்துறீங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "மேலிடத்து உத்தரவு சார்" என்றேன். லிங்க் பட்ஜெட் போடத் தெரிந்தவனுக்கு, தான் திருப்புகிற டிஷ்ஷை ஏன் திருப்புகிறோம் என்று தெரியவில்லை. அன்றைக்கு ஏற்பட்ட வெட்கம்தான் என்னை இந்தப் பக்கம் தள்ளியது. ஒரு நாட்டின் செயற்கைக்கோள் இன்னொரு நாட்டில் தொழில் செய்ய யார் அனுமதி தருகிறார்கள், எந்தக் கணக்கில் தருகிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். அன்று அந்த மேனேஜருக்குச் சொல்ல முடியாத பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு அடிப்படைச் சங்கதி. வானம் யாருக்கும் சொந்தமில்லை. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம், எந்த நாடும் விண்வெளியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டது. பூமத்திய ரேகைக்காரர்கள் எட்டுப் பேர் 1976-இல் பொகோட்டாவில் கூடி, "எங்கள் தலைக்கு மேலே இருக்கிற புவிநிலைப் பாதை எங்களுடையதுதான்" என்று அறிவித்தார்கள். அந்த வாதத்தை உலகம் ஏற்றுக்கொள்ளவில்லை.

அப்படியானால் அனுமதி எங்கிருந்து முளைத்தது? மொட்டை மாடியிலிருந்து! சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ரேடியோ விதிகள்படி, ஒரு நாட்டில் அலைகளை அனுப்பும் நிலையம் எதையும் தனியார் யாரும் அந்த நாட்டு அரசின் லைசென்ஸ் இல்லாமல் வைக்க முடியாது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற செயற்கைக்கோளை எந்த போலீஸும் பிடிக்க முடியாது. ஆனால் அதனோடு பேசுகிற டிஷ் நம் ஊர் மாடியில் இருக்கிறது. "இந்த டிஷ் அந்தச் செயற்கைக்கோளோடு பேசலாம்" அல்லது "பேசக்கூடாது" என்று அரசு சொல்ல முடியும். இதைத்தான் எங்கள் தொழிலில் 'லேண்டிங் ரைட்ஸ்' என்கிறோம். பெயர்தான் இறங்கும் உரிமை. உண்மையில் யாரும் எங்கும் இறங்குவதில்லை!

இனி மொய்க்கு வருகிறேன்.

நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுவது எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் 500 எழுதினால், நம் வீட்டு விசேஷத்தில் அவர் குறையாமல் எழுத வேண்டும். நோட்டைப் பத்திரமாக வைத்திருந்து, பத்து வருஷம் கழித்துக்கூட புரட்டிப் பார்ப்பார்கள். இன்னொரு முறையும் உண்டு. பந்தி. இலை போட்டு உட்கார்ந்துவிட்டால், மொய் எழுதினாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே சாம்பார், ஒரே பாயசம்.

நாடுகளும் இந்த இரண்டு முறையையும் பயன்படுத்திப் பார்த்திருக்கின்றன.

அதற்கும் முன்னால் கைமாற்றுக் காலம் ஒன்று இருந்தது. கனடா 1972 நவம்பரிலேயே அனிக் செயற்கைக்கோளை அனுப்பி, புவிநிலைப் பாதையில் உள்நாட்டுத் தொலைத்தொடர்புக்கென்று சொந்தச் செயற்கைக்கோள் வைத்த முதல் நாடாகிவிட்டது. அமெரிக்காவின் வெஸ்டார்-1 போனது 1974-இல்தான். இடைப்பட்ட காலத்தில் 1973 கடைசியில், ஆர்.சி.ஏ. நிறுவனம் கனடாவின் அனிக்கில் இடம் வாடகைக்கு எடுத்து அமெரிக்காவுக்குள்ளேயே சேவை நடத்தியது. பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவது மாதிரி! நாமும் அப்படித்தான். 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை நடந்த சைட் திட்டத்தில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டியது நாசாவின் ஏ.டி.எஸ்.-6. இந்தியாவின் செயற்கைக்கோள் தொலைக்காட்சி அயல்வீட்டு உறைமோரில் உறைந்த தயிர்தான்.

கைமாற்று வியாபாரமாக வளர்ந்ததும் மொய் நோட்டு வந்தது. 1996 ஏப்ரலில் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. உன் செயற்கைக்கோள் என் நாட்டில் சேவை தரலாம், என்னுடையது உன் நாட்டில் தரலாம் என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டு நவம்பரில், வீட்டுக்கு நேரடியாக வரும் டி.டி.எச். தொலைக்காட்சிக்கும் தனி உடன்பாடு போட்டார்கள். 1998-இல் அர்ஜென்டினாவோடும் அமெரிக்கா இதே மாதிரி எழுதிக்கொண்டது.

1997 நவம்பரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஒரு பெரிய ஆணை போட்டது. அதன் செல்லப் பெயர் 'டிஸ்கோ-2'. தம்பிகளே, ஆட்டம் போடுகிற டிஸ்கோ இல்லை! அதில்தான் மொய், பந்தி இரண்டையும் ஒரே மண்டபத்தில் வைத்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி உலக வர்த்தக அமைப்பில் 69 அரசுகள் சேர்ந்து அடிப்படைத் தொலைத்தொடர்பு உடன்பாட்டை முடித்திருந்தன. 1998 பிப்ரவரி 5-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதனால் உலக வர்த்தக அமைப்பு உறுப்பு நாடுகளின் செயற்கைக்கோள்கள் வந்தால், "நீ எங்களுக்குக் கதவு திறந்தாயா?" என்று கேட்காமல், அனுமதிக்கலாம் என்ற அனுமானத்தோடு பரிசீலிப்போம் என்றது டிஸ்கோ-2. அது பந்தி. உறுப்பினர் அல்லாத நாடு என்றால் மொய் நோட்டு. அந்த நாட்டில் அமெரிக்கச் செயற்கைக்கோளுக்குச் சட்டத்திலோ நடைமுறையிலோ தடை இருக்கிறதா என்று சோதிப்பார்கள். இந்தச் சோதனைக்கு ஈ.சி.ஓ.-சாட் என்று பெயர்.

ஆனால் பந்தியிலும் ஒரு பதார்த்தத்தை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு நேரே வரும் தொலைக்காட்சி, செயற்கைக்கோள் வானொலி இவற்றுக்கு உறுப்பு நாடுகளும் மொய்ச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அமெரிக்கா விலக்கு வாங்கிக்கொண்டது. கனடாவும் லேசுப்பட்டதில்லை. உடன்பாடு 1998-இல் வந்தாலும், டெலிசாட் நிறுவனத்தின் ஏகபோகத்தை 2000 மார்ச் 1 வரை வைத்துக்கொள்வதாகச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டது. தாராள மனசு எல்லோருக்கும் உண்டு, ஆனால் பீரோ சாவியை இடுப்பிலேயே வைத்திருப்பார்கள்.

இன்னொரு நல்ல வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா வெளிநாட்டுச் செயற்கைக்கோளுக்கு இரண்டாவது லைசென்ஸ் கொடுப்பதில்லை. அது ஏற்கனவே ஒரு நாட்டின் லைசென்ஸ் பெற்றது. அமெரிக்கத் தரையில் இருக்கிற டிஷ் அதனோடு பேசலாமா என்பதை மட்டும் பார்க்கிறது. 1999-இல் 'அனுமதிக்கப்பட்ட செயற்கைக்கோள்கள்' என்று ஒரு பட்டியலே ஆரம்பித்தார்கள். பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், சாதாரண வகை டிஷ் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனியாக மனுப் போட்டு நிற்க வேண்டியதில்லை.

சரி, இதில் எது நல்லது, மொய்யா பந்தியா? இங்கேதான் நம் படிப்பு உதவிக்கு வருகிறது.

மெக்சிகோவின் சாலிடாரிடாட் செயற்கைக்கோள்கள் 109, 113 டிகிரி மேற்கில் நின்றன. கனடாவின் அனிக்குகளும் அந்த வட்டாரத்தில்தான். அமெரிக்கச் செயற்கைக்கோள்களும் அங்கேயேதான். மூன்று பேருடைய செயற்கைக்கோள்களுக்கும் மூன்று பேருடைய மொட்டை மாடியும் தெரியும். அதனால் மொய்க்கு அர்த்தம் இருந்தது. இரண்டு வீட்டிலும் கல்யாணம் உண்டு.

இப்போது நம் கதைக்கு வாருங்கள். 83 டிகிரி கிழக்கு நம் இன்சாட்டுகளின் பழைய இருப்பிடங்களில் ஒன்று. புவிநிலைப் பாதையிலிருந்து பார்த்தால், நின்ற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் சுமார் 81 டிகிரிதான் பூமி தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 164 டிகிரி கிழக்கோடு முடிந்துவிடும். அமெரிக்கக் கண்டம் அதன் கண்ணிலேயே படாது! உலக வர்த்தக அமைப்பின் உறுப்பினர் என்ற முறையில் டிஸ்கோ-2 பந்தியில் நமக்கும் இலை உண்டு. ஆனால் அங்கிருந்து பாயசம் எடுக்க நம் கை நீளாது. அதே மாதிரி அமெரிக்காவுக்கு மேலே நிற்கிற செயற்கைக்கோளுக்கு நாமும் தெரியமாட்டோம். ஆக அந்தக் காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நடுவில் பரஸ்பரம் என்பது பெரும்பாலும் காகிதப் பேச்சு. நமக்கு உண்மையான கேள்வி ஆசியாவின் மேலே நின்ற வெளிநாட்டுச் செயற்கைக்கோள்கள்தான்.

அவற்றோடு நாம் எப்படி நடந்துகொண்டோம்? இந்தியச் செயற்கைக்கோளுக்கு முன்னுரிமை, இடமில்லை என்றால் வெளிநாடு என்பதுதான் நம் பழைய வழி. அதில் நியாயம் உண்டு. சொந்தமாகக் கட்டியெழுப்புகிறவனுக்கு ஆரம்பத்தில் வேலி வேண்டும். ஆனால் வேலிக்குள் தண்ணீர் போதாத நாட்களும் வந்தன. 1997 ஜூனில் போன இன்சாட்-2டி அக்டோபரிலேயே மின்கோளாறில் செத்துப்போனது. அப்போது அரபு நாடுகளின் அரப்சாட்-1சி-யை விலைக்கு வாங்கி, இன்சாட்-2டிடி என்று பெயர் வைத்துச் சமாளித்தோம். 2004 டிசம்பரில் தூர்தர்ஷனே தன் இலவச டி.டி.எச். சேவையை ஆரம்பித்தது நெதர்லாந்து நிறுவனம் ஒன்றின் என்.எஸ்.எஸ்.-6 செயற்கைக்கோளில்தான். பிறகு நம் இன்சாட்-4பி-க்கு மாற்றினார்கள். 95 டிகிரியிலிருந்து 93.5 டிகிரிக்கு. ஒன்றரை டிகிரி! அந்த ஒன்றரை டிகிரிக்காக எத்தனை மாடியில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள் என்று டிஷ் திருப்பியவனுக்குத்தான் தெரியும்.

கொடுத்தும் இருக்கிறோம். 1999 ஏப்ரலில் போன இன்சாட்-2இ-யில், 36 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 11 டிரான்ஸ்பாண்டர்களை இன்டெல்சாட்டுக்கு வாடகைக்கு விட்டோம். 2017 மே மாதம் தெற்காசியச் செயற்கைக்கோளை அனுப்பி அண்டை நாடுகளுக்குக் கொடுத்தோம். நம் பெயரும் சில நோட்டுகளில் ஏறியிருக்கிறது.

இன்றைக்கு ஆட்டமே மாறிவிட்டது. 2019 மே மாதம் ஸ்டார்லிங்க் முதல் கொத்தாக 60 செயற்கைக்கோள்களை அனுப்பியது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில். இவை ஓரிடத்தில் நிற்பவை அல்ல, தாழ்வான பாதையில் ஓடிக்கொண்டே இருப்பவை. எல்லோர் மாடியும் இவற்றுக்குத் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், எந்த நாட்டுக் கொடி என்பதும் குழம்பிப்போய்விட்டது. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் எல்.வி.எம்.-3 ராக்கெட் 72 ஒன்வெப் செயற்கைக்கோள்களைத் தூக்கிப் போனது. அந்த நிறுவனத்தில் இந்திய முதலீடும் இருக்கிறது. இருந்தாலும் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம், இந்தியாவில் சேவை தர 2021-இல் லைசென்ஸ் வாங்கி, 2023 நவம்பரில் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அனுமதியும் வாங்க வேண்டியிருந்தது. ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் லைசென்ஸும், ஜூலையில் இன்-ஸ்பேஸ் அனுமதி ஐந்து ஆண்டுகளுக்கும் கிடைத்தன. 2024 மே மாத நெறிமுறைகளின்படி வெளிநாட்டுச் செயற்கைக்கோள் எதுவானாலும் இங்கே பதிவான ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் அனுமதி கேட்க வேண்டும்.

இப்போது சிலர் மேடையில் கேட்கிறார்கள்: "அவன் கம்பெனியை இங்கே விடுகிறோமே, அவன் நாட்டில் நம் செயற்கைக்கோளை விடுவானா?" கேட்க நன்றாக இருக்கிறது, கைதட்டலும் கிடைக்கிறது. நான் திருப்பி ஒன்று கேட்கிறேன். விட்டால் அனுப்ப நம்மிடம் தாழ்பாதையில் ஓடுகிற பெரிய தொகுப்பு ஏதாவது இருக்கிறதா? வீட்டில் விசேஷமே இல்லாதவன் மொய் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், காத்துக் கிடப்பது யார்? பந்தல் போட்டவனா, பசியோடு இருக்கிறவனா?

இலங்கை, மாலத்தீவு மாதிரி சின்ன நாடுகளை நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் பதிலுக்குக் கேட்க என்ன இருக்கிறது? மொய்க் கணக்கு என்பது இரண்டு பணக்கார வீடுகளுக்கு நடுவில்தான் சரியாக வரும்.

அதற்காகக் கதவை அகலத் திறந்துவிட்டுத் தூங்கப் போகச் சொல்லவில்லை. அனுமதி நம் கையில் இருக்கிற ஒரே துருப்புச் சீட்டு. அதைச் சும்மா இறக்கிவிடக் கூடாது. நாம் கேட்க வேண்டியது வேறு. தரைநிலையம் நம் மண்ணில் இருக்க வேண்டும். நம் போக்குவரத்து நம் வழியாகப் போக வேண்டும். சட்டப்படி கண்காணிக்க வழி வேண்டும். இவற்றையெல்லாம் இப்போதே கேட்கிறார்கள், சரிதான். நான் இன்னும் இரண்டு சேர்ப்பேன். ஒன்று, அனுமதி தரும்போதே அது எப்போது முடியும், முடிந்தால் வாடிக்கையாளரை எப்படி மாற்றுவது, அந்தச் செலவு யாருடையது என்று எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது, சொன்ன தேதிக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ பதில் வர வேண்டும். இல்லை என்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். 'பரிசீலனையில் இருக்கிறது' என்பதைத்தான் தாங்க முடியாது. இந்த இரண்டு மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால், அந்த மலைக் கிளையில் பழைய இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதிய டிஷ்ஷை நட்டிருப்போம். திண்ணையில் யாரும் மூன்று நாள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

கூடவே, நம் வீட்டிலும் விசேஷம் வரவேண்டும். செயற்கைக்கோள் கட்டத் தனியாருக்கும் இப்போது வழி திறந்திருக்கிறது. தம்பி தங்கைகளே, அது உங்கள் வேலை. நம் தொகுப்பு ஒன்று வானத்தில் ஓடுகிற அன்றைக்கு நோட்டை விரியுங்கள். நானே பேனா கொண்டு வந்து தருகிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் படித்தபோது ஆன்டெனா பேப்பரில் கெயின் எவ்வளவு, நாய்ஸ் எவ்வளவு என்று கேட்டார்கள், எழுதினோம், பாஸ் ஆனோம். லைசென்ஸ் என்ற சொல் பாடத்தில் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருபது டிபி மார்ஜின் வைத்து வடிவமைத்த இணைப்பை ஒரு பக்கக் கடிதம் அறுத்துவிடும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. இந்தக் கடிதங்களை எழுதுகிற மேஜையில் பொறியாளர்களும் உட்கார வேண்டும். டிஷ் திருப்பிக் கை காய்த்தவன் ஒருவன் அங்கே இருந்தால், அந்த ஒரு வரியை எழுதுமுன் ஒரு நிமிஷம் யோசிப்பான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பனி கொஞ்சம் விலகி, ஹப்பிலிருந்து "ஓகே, லாக் ஆயிடுச்சு" என்றார்கள். இறங்கி வந்தேன். திண்ணையிலிருந்த ஒரு பாட்டி, "வந்துடுச்சா தம்பி?" என்று கேட்டார். "வந்துடுச்சு பாட்டி" என்றேன். எந்த நாட்டுச் செயற்கைக்கோள் என்று அவர் கேட்கவில்லை.